தண்ணீருக்கு எதிராக ஒரு தீர்மானம்

கண்ணுகளா, தண்ணீருக்கே ஒழுக்கம் கற்பித்த பெருமை இந்த உலகத்தில் எங்கள் ஆய்வு நிறுவனம் ஒன்றுக்குத்தான் உண்டு. அங்கே கூட்டக் குறிப்பு எழுதும் பாக்கியம் எனக்கு வாய்த்திருந்தது. குழுவில் உறுப்பினர்கள் பத்துப் பேர்; என்னைச் சேர்த்துப் பதினோரு ஓட்டு.

தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற கையால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மூன்று, நான்கு, ஐந்து சேர்ந்தால், விளையாடும் பிள்ளைகளைப் போல வட்டமாக நிற்கும். ஆறு சேர்ந்தாலும் வட்டமே என்று எங்கள் இயக்குநர் எப்போதோ அருளியிருந்தார். அந்த ஆறு புள்ளி வட்டம்தான் நிறுவனத்தின் சின்னம். வாசல் கதவில், தோட்டத்துப் பூப்பாத்தியில், காப்பிக் கோப்பையில், இயக்குநரின் கழுத்துப்பட்டையில், எங்கும் அதுவே.

லேசர் அறையில் ஓர் ஆய்வாளர் இருந்தாள். தண்ணீர்க் கொத்துகளை வெற்றிடத்தில் கடுங்குளிரில் நிறுத்தி, லேசரைப் பாய்ச்சி, எந்த ஒளியை அவை விழுங்குகின்றன என்று பார்த்து உருவத்தைக் கண்டுபிடிப்பாள். நான்கு வருட உழைப்பு. ஆறு சேர்ந்தால் வட்டமில்லை, கூண்டு என்று தெரிந்தது. அதை வெளியிட்டால்தான் அவள் வேலை நிலைக்கும்.

உடனே ‘உருவ ஒழுங்குக் குழு’ கூடியது. வட்டப் பூப்பாத்தியைப் பிடுங்க முடியாது என்றார் தோட்ட அதிகாரி. சட்ட ஆலோசகர் இன்னும் ஆழமாகப் போனார்.

“இது மிரட்டி வாங்கின வாக்குமூலம் சார். அந்தக் குளிர்ல நிக்கவெச்சு வெளிச்சம் அடிச்சா, நானே கூண்டுன்னு ஒத்துக்குவேன்.”

இயக்குநர் கனிந்தார். “ஏம்மா, இன்னொரு வாட்டி கேட்டுப் பாரேன். அன்பா.”

“நாப்பது வாட்டி கேட்டாச்சு சார். அதே பதில்தான்.”

“நீ யார் பக்கம்மா? நிறுவனத்துப் பக்கமா, தண்ணிப் பக்கமா?”

“தண்ணிப் பக்கம்தான் சார். அதுக்குத்தானே என்னை எடுத்தீங்க.”

இந்த ‘ஒழுங்கீனத்தை’ நான் முத்து முத்தாகப் பதிவு செய்தேன். பிறகு, விளக்கம் கேட்டுத் தண்ணீருக்கு ஒரு நோட்டீஸ் தயாரானது. முகவரி தெரியாததால் மொட்டைமாடித் தொட்டியில் ஒட்டினோம். பதினைந்து நாளாகியும் தொட்டி வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று குழு மகிழ்ந்து, ஓட்டெடுப்பு நடத்தியது. ஆறு என்றால் வட்டம்; ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு இல்லை. ஆய்வாளர் வேலையிலிருந்து ‘விடுவிக்கப்பட்டாள்’. யாரையும் திட்டவில்லை. லேசரை அணைத்து, அதன் மேல் துணியைப் போர்த்திவிட்டுப் போனாள்.

தண்ணீர் இன்றும் கூண்டாகத்தான் நிற்கிறதாம். அதற்கு வேலை போகிற பயம் இல்லையே. எனக்கு இருந்தது. ஓட்டெடுப்பில் எல்லாரும் தயங்கித் தயங்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணுகளா. முதலில் உயர்ந்த கை யாருடையது என்று குறிப்பில் நான் எழுதவில்லை.

இந்தக் கைதான்.