எண்பத்திரண்டு மார்க் வாங்கிய ஆறுமுகநேரி

இந்தியாவில் எந்த ஊரில் மனிதன் குடியிருக்கலாம், எதில் கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர் தூத்துக்குடியில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடும் ஒரு ஆபீஸில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் அவரை ‘மார்க் அண்ணாச்சி’ என்றார்கள். வேதக்காரர் என்று நினைத்து ஈஸ்டருக்கு வாழ்த்துச் சொன்னேன். மரியாதையாகக் கைகுலுக்கி வாங்கிக்கொண்டார். திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. மார்க் அவர் பெயர் இல்லை, அவர் போடுவது.

வேலை முடிந்த ஒருவன், காசு கொடுக்காமல், யாரிடமும் கேட்காமல், எத்தனை நிமிஷத்தில் நடந்துபோய் வெட்டவெளியில் நிற்க முடியும்? ஊரை அளக்க அவருக்கு இந்த ஒரு கேள்வி போதும். நூற்றுக்கு மார்க். உள்ளே நுழைய டிக்கெட் வைத்திருந்தால் பத்து குறையும். கேட் பூட்டியிருந்தால் இருபது. எல்லாம் ஒரு நீளமான நோட்டில் இருந்தது. மாற்றல் வந்தவர்கள் ஜோசியரிடம் போவதற்கு முன் அவரிடம் வந்தார்கள்.

“கோயம்புத்தூர் எப்படி அண்ணாச்சி?”

“நாப்பது.”

“மலையெல்லாம் இருக்கே?”

“ஏலே, மலை தெரியுதது வேற, மலைக்குப் போறது வேற. தெரியுததுக்கெல்லாம் மார்க்குப் போட்டா நிலாவுக்கும்லா போடணும்!”

சொந்த ஊருக்கும் சலுகை கிடையாது. தூத்துக்குடிக்கு அறுபத்தொன்றுதான். “கடல் கெடக்கு. பாதிக் கடல் கேட்டுக்குள்ள கெடக்கு” என்பார். துறைமுகத்துக்குள் போக அவரிடம் பாஸ் உண்டு. பாஸைக் காட்டிவிட்டுப் பார்த்த கடலை அவர் கணக்கில் சேர்த்ததில்லை.

நேரில் போய் அளக்காத ஊருக்கு மார்க் கிடையாது. சென்னையில் மச்சினி கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் அண்ணாச்சியைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று பெண்வீட்டார் பதறி, சமாதானம் பேச இரண்டு பெரியவர்களை அனுப்பினார்கள். மூன்று தெரு தள்ளி, ஒரு விளையாட்டு மைதானத்தின் பூட்டிய கேட் முன்னால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். “என்ன குறை வச்சிட்டோம், சொல்லுங்க” என்று கேட்டவர்களிடம், “நீங்க என்ன செய்விய? கார்ப்பரேசன் பூட்டிருக்கான்” என்றாராம்.

எனக்குச் சோதனை பெங்களூர் உருவில் வந்தது. அங்கே உள்ள கிளைக்குக் கூடுதல் சம்பளத்தில் போகிறாயா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தாள். நான் போனால் அவள் அளத்துக்குப் போவதை நிறுத்தலாம்.

அண்ணாச்சி நோட்டைப் புரட்டினார். “பெங்களூர் பதினொண்ணு. ஒங்க ஆறுமுகநேரி எம்பத்திரெண்டுலே! வாசலத் தாண்டுனா வானம். அத விட்டுட்டா போவ?”

எழுதிவைத்ததை நம்பிப் பழகியவன் நான். கலங்கிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

“வெட்டவெளியில நிக்கதுக்கு மார்க்கா?” என்றாள். “அப்ப அந்த அண்ணாச்சிய ஒருநா மத்தியானம் அளத்துக்கு வரச்சொல்லு. எனக்கும் ஏதாவது போட்டுத் தரட்டும்.”

மறுநாள் அதை ஒரு எழுத்துக் குறையாமல் ஆபீஸில் ஒப்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பன்னிரண்டரை மணி. அளம் முழுக்க வெள்ளை. ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லை. அம்மா வெறுங்காலோடு பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வரப்பில் பத்து நிமிஷம் நின்று பார்த்தார். வெள்ளையில் கண் கூசி நீர் வழிந்தது.

“ஏம்மா, லீவு நாள்ல நீங்க எங்கன போவிய?”

“எங்கயும் போவ மாட்டேன் அண்ணாச்சி. கதவச் சாத்திட்டு ஃபேனுக்கடியில படுத்துருவேன். வானத்தப் பாத்தாலே ஆத்திரமா வரும்.”

அவர் நோட்டைத் திறந்து எண்பத்திரண்டை அடித்தார். பேனா அங்கேயே நின்றது. வேறு எண் எழுதவில்லை.

“தப்பாயிட்டும்மா.”

“அதுக்கென்ன, சின்னப் பிள்ளையளும் பரீச்சையில அடிச்சித்தான எழுதுது” என்றாள் அம்மா. “மொதல்ல தண்ணியக் குடிங்க. மயங்கி விழுந்தா ஒங்களயும் சேத்துல்லா நான் வாரணும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணாச்சி சொன்னார். “வெளிய போவ முடியுமான்னுதாம்லே இத்தன வருசமா கேட்டேன். வெயில்ல நிக்கவன் உள்ள வர முடியுமான்னு கேக்கலையே. நீ பெங்களூருக்குப் போ. அம்மாவ நெழல்ல உக்கார வையி.”

வெள்ளிக்கிழமை சரி என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா அளத்தை விட்டு ஒரு வருஷம் ஆகிறது.

ஞாயிறுதோறும் அண்ணாச்சி போன் செய்கிறார். “ஏலே, இன்னைக்கு வெளிய எறங்குனியா?” அவரிடம் பொய் சொல்ல வாய் வராது. போனைக் காதில் வைத்தபடியே செருப்பைத் தேடி, மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்து, “எறங்கிட்டேன் அண்ணாச்சி” என்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு வீட்டில் ஆள் உண்டு. முடித்துவிட்டாயா என்று கேட்க ஆபீஸில் ஆள் உண்டு. வேலை முடிந்தபின் நான் எங்கே போய் நிற்கிறேன் என்று கேட்க, இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.