ஒரு வாரத்துக்கு ஓர் எதிரி

"எனக்கு எதிரின்னு ஒருத்தர்கூட இல்லையேம்மா!"

சோதனைக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இப்படிச் சொன்னதும் அவர் மனைவிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, தலையில் தட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது.

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"ஆராதனை முடிஞ்சதுலேர்ந்து அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன். ஒருத்தரும் அகப்படலை."

"கீழ்வீட்டுக்காரர்?"

"அவரா? நம்ம சபையிலேயே தங்கமான மனுஷன். வண்டியை எப்படி நிறுத்தணும்னு தினமும் சொல்லிக் குடுக்கறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினது கிடையாது."

"என் தம்பி?"

"அவன் கல்யாணத்துல நான் வாழ்த்திப் பேசினதைக் கேட்டு மேடையிலேயே அழுதவன். அவன் எனக்கு எதிரியா?"

மனைவி எழுந்தாள். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சட்டை தைக்கும் ஆலை ஒன்றில் தரம் பார்ப்பது அவருடைய உத்தியோகம். தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, பொத்தானை இழுத்துப் பார்த்து, காலரை மடக்கி விரித்து, குறை இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் வந்த பட்டப்பெயர்தான் சோதனைக்காரர். வேதாகமத்தில் சாத்தானுக்கும் சோதனைக்காரன் என்று பெயர் உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் சபையார் மரியாதையாகக் கடைசி 'ன்'னுக்குப் பதில் 'ர்' போட்டே கூப்பிட்டதால் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

எதிரிப் பஞ்சத்துக்குக் காரணம் அன்று காலைப் பிரசங்கம். பகைவரை நேசிப்பதைப் பற்றிப் பேசிய போதகர், வழக்கம்போல் ஆமென் சொல்லி முடிக்காமல் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்.

"கேட்டுட்டுக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடறீங்க. இந்த வாரம் செஞ்சு பாருங்க. ஆளுக்கு ஒரு எதிரியை மனசுல குறிச்சுக்குங்க. அவர் உங்களை என்ன பாடு படுத்தினாலும் பதிலுக்கு நன்மைதான் செய்யணும். யாருன்னு சொல்ல வேண்டாம். செஞ்சு முடிச்சவங்க அடுத்த ஞாயிறு எழுந்து நின்னா போதும். வேதபாட வகுப்புக்குத் தலைவர் வேணும்னு தேடிக்கிட்டிருக்கோம் இல்லையா, நிக்கறவங்கள்லேர்ந்துதான் ஒருத்தரை எடுக்கப்போறேன்."

கடைசி வரிதான் சோதனைக்காரரைப் பிடித்துக்கொண்டது. வேதபாட வகுப்புத் தலைவர் பதவிக்காக அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று எத்தனையோ முறை பாடம் நடத்தியிருந்தார். கண்ணாடி ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. இப்போது ஓர் எதிரி இல்லாத குறையால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதா?

சாயங்காலம் காபி குடிக்கும்போது தீர்மானத்துக்கு வந்தார்.

"இல்லாட்டி உண்டாக்கிக்க வேண்டியதுதான்."

"எதை?"

"எதிரியை. முதல்ல யாருக்காவது ஒரு கெடுதல் பண்ணணும். அவர் என்மேல பாய்வார். உடனே நான் நேசிச்சுடுவேன்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லது செய்யறதுக்காகக் கெட்டது செய்யப்போறீங்களா?"

"பெரிசா ஒண்ணும் இல்லைம்மா. துவைச்சா போயிடற மாதிரிதான்."

அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. மறுநாள் காலை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில், கீழ்வீட்டுக்காரர் அப்போதுதான் உலர்த்திவிட்டுப் போன வெள்ளைத் துணிகளின் மேல் ஒரு வாளி சேற்றுத் தண்ணீரைக் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். முகம் செக்கச்செவேலென்று ஆனது. மீசை துடித்தது. சோதனைக்காரருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஆனால் அந்த மனிதர் கண்ணை மூடி, எதையோ முணுமுணுத்து, மூச்சை இழுத்து விட்டார்.

"பரவாயில்லைண்ணே. மறுபடி அலசிக்கிட்டா போச்சு."

"வேணும்னுதான் ஊத்தினேன்!"

"செடிக்குத் தண்ணி வேணும்தானேண்ணே," என்று சிரித்தார் கீழ்வீட்டுக்காரர். போதாக்குறைக்கு அரைமணி நேரம் கழித்து அவர் சோதனைக்காரரின் ஸ்கூட்டரைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

சரி, இவர் தேறமாட்டார் என்று சோதனைக்காரர் ஆலைக்குக் கிளம்பினார். தையல் பிரிவின் மேற்பார்வையாளர் ஓர் அம்மாள். அதே சபையைச் சேர்ந்தவர். நியாயமான காரணத்துக்குச் சட்டை திரும்பி வந்தாலே கத்தரிக்கோலை மேசையில் ஓங்கி வைப்பவர். அவர் பிரிவிலிருந்து வந்த கட்டு முழுவதையும் சோதனைக்காரர் ஒரு குறையும் இல்லாமலே திருப்பி அனுப்பினார்.

அம்மாள் கட்டைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்தார்.

"என்ன குறை அண்ணா?"

"பொத்தானெல்லாம் ஒரு மாதிரியா பாக்குது."

அம்மாள் பல்லைக் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கத்தரிக்கோலும் கையில் இருந்தது. ஆனால் அவர் அதை மெதுவாகப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பிரிச்சுத் தைச்சுடறோம். அப்புறம் அண்ணா, இந்த நாற்காலியில உட்கார்ந்து உங்களுக்கு முதுகு வலிக்குமே?"

மறுநாள் அவருடைய நாற்காலியில் மிச்சத் துணியில் தைத்த மெத்தை ஒன்று இருந்தது. அதில் உட்கார அவருக்கு முள்ளாகக் குத்தியது. ஒரு குறையும் இல்லாத சட்டைகளைப் பிரித்துத் தைக்க அந்தப் பிரிவுப் பெண்கள் வீட்டுக்குத் தாமதமாகப் போயிருந்தார்கள். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அடுத்த கட்டைப் பார்க்காமலே, பொத்தானைத் தொடாமலே, முத்திரை குத்தி அனுப்பினார்.

அந்தக் கட்டில் ஒரு சட்டைக்கு வலது கை முழங்கை வரைக்கும், இடது கை விரல் நுனியைத் தாண்டியும் இருந்தது. அது போய்ச் சேர்ந்த கடையிலிருந்து தொலைபேசி வந்தது. மேலாளர் தையல் பிரிவில் வந்து நின்று கூரை அதிரக் கத்தினார்.

"இதைத் தைச்சது யாரு? பாத்து அனுப்பினது யாரு?"

சோதனைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் முந்திக்கொண்டார். "தைச்சது எங்க ஆளுங்கதானே சார். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுதுன்னு வச்சுக்குங்க."

அம்மாளுக்கு எச்சரிக்கை கிடைத்தது. சோதனைக்காரருக்கு மெத்தை மட்டும் மிச்சமானது. அவர் வெட்கப்பட்டார். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் மதியம் சாப்பிடாமல் மேலாளர் அறைக்குப் போய், பார்க்காமல் முத்திரை குத்தியது தான்தான் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது, இவராவது கோபித்து எதிரியானால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற நப்பாசையும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

மேலாளர் எழுந்து கைகொடுத்தார். "இந்தக் காலத்துல தானா வந்து தப்பை ஒத்துக்கற ஆளை நான் பாத்ததே இல்லை. அந்தம்மாவோட எச்சரிக்கையை எடுத்துடறேன். உங்களை மாதிரி நாலு பேர் வேணும் சார்!"

தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வெள்ளிக்கிழமை, அவர் பாடும் சபைப் பாடகர் குழுவின் ஒத்திகை. அங்கே பாட்டு மாஸ்டர் சுருதி பிசகினால் குச்சியை வீசுகிற ஆசாமி. சோதனைக்காரர் வேண்டுமென்றே எல்லோரும் ஏறும் இடத்தில் இறங்கினார். இறங்கும் இடத்தில் ஏறினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு வரி தனியாகப் பாடினார்.

மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார். கண்களில் நீர் தளும்பியது.

"இன்னைக்கு உங்க குரல் வழக்கத்தைவிட நல்லா இருக்கு," என்றார். சோதனைக்காரருக்கு இதில் எதற்கு வருத்தப்படுவது என்று தெரியவில்லை.

மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். துணிந்து போதகர் வீட்டுக் கதவையே தட்டினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"பாஸ்டர், ஒண்ணு சொல்லணும். உங்க பிரசங்கம் ரொம்ப நீளம். நடுவுல எல்லாரும் தூங்கறாங்க. நானும் தூங்கறேன்."

போதகர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். விரல் முட்டிகள் வெளுத்தன. பிறகு பிடியைத் தளர்த்தி, "வெளிப்படையா சொன்னதுக்கு ரொம்ப நன்றி. நனைஞ்சுட்டீங்களே, வாங்க கொண்டுவந்து விடறேன்," என்று குடையை விரித்தார். வழி முழுக்கக் குடை சோதனைக்காரர் தலைக்கு மேலேயே இருந்தது. போதகர் தொப்பலாக நனைந்துகொண்டே வந்தார்.

வீட்டுக்குள் வந்த சோதனைக்காரர் நாற்காலியில் விழுந்து அழுதேவிட்டார்.

"எப்பேர்ப்பட்ட ஜனங்கம்மா! நான் வாரம் பூரா இவங்களைப் படுத்தினேன். ஒருத்தர் முகம் சுளிக்கலையே. இவங்க நடுவுல இருக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

மனைவி துண்டு கொண்டுவந்து தலையைத் துவட்டினாள். சூடாகக் காபி கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை அவளே இஸ்திரி போட்டு மாட்டினாள். கல்யாணமான புதிதில் மடிப்பு ஒன்று கோணலாக இருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்டிய நாளிலிருந்து அவள் அவருடைய சட்டையைத் தொட்டதில்லை. அவருக்கு அழுகை இன்னும் அதிகமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. பாடகர் குழுவின் பெஞ்சு சபையாரைப் பார்த்தபடி போட்டிருக்கும். அதில் ஓரத்து இடம் சோதனைக்காரருக்கு. பக்கத்திலேயே, காணிக்கைப் பைகளோடு, ஆலயத்தைக் கூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை நின்றார்.

பிரசங்கம் அதிசயமாகச் சின்னதாக முடிந்தது. போதகர் தொண்டையைச் செருமினார்.

"போன வாரம் சொன்னதை எத்தனை பேர் செஞ்சீங்க? எதிரிக்கு நன்மை செஞ்சவங்க எழுந்து நில்லுங்க."

சோதனைக்காரர் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எழுந்து நின்றால் யார் கேட்கப்போகிறார்கள்? யாருடைய பெயரையும் சொல்ல வேண்டாம் என்று போதகரே சொல்லியிருக்கிறார். நின்றால் போதும், வேதபாட வகுப்பு. பாதி எழுந்தும்விட்டார். அப்போது முன்வரிசையில் தையல் அம்மாளின் முகம் கண்ணில் பட்டது. செய்யாத தப்பை ஏற்றுக்கொண்டவர் முன்னால் செய்யாத நன்மையைச் செய்ததாக நிற்பதா? 'வகுப்பு போனால் போகிறது ஆண்டவரே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் மனம் லேசாகிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கீழ்வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். தையல் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் பாட்டு மாஸ்டரும் குழு முழுவதும். அந்தப் பக்கம் மச்சினன். பின்வரிசைகள் பெஞ்சு பெஞ்சாக எழுந்தன. போதகரும் அடக்கமாகத் தன் கையை உயர்த்தினார். கடைசியில், கைப்பையைச் சரிசெய்துகொண்டு, சோதனைக்காரருடைய மனைவியும் எழுந்து நின்றாள்.

இவளுக்கு ஓர் எதிரியா! தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! சோதனைக்காரரின் நெஞ்சு உருகிப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயில்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாவம்ப்பா, இவ்வளவு நல்ல ஜனங்களுக்கா இத்தனை எதிரிங்க? யாருப்பா அவங்கள்லாம்?"

கோயில்பிள்ளை குனிந்து அவர் காதோடு சொன்னார்:

"இத்தனை பேரெல்லாம் இல்லைண்ணே, ஒரே ஆளுதான். அவர் மட்டும்தான் இன்னும் எழுந்திருக்காம உட்கார்ந்திருக்காரு."