ஊருணிக்குள் நான் நட்ட காடு

மரக்கடையில் தேக்கு உத்திரம் சுமந்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. அப்படியும் காரைக்குடியில் சொந்தமாக மரக்கடை போட்டேன், லாரி வாங்கினேன், ஊரில் கல்யாண மண்டபம் கட்டினேன். இவற்றையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நான் உண்டாக்கியது ஒன்று உண்டு. எங்கள் அம்மன் கோயில் ஊருணிக்குள் இருக்கும் காடு. அதை மட்டும் ஒருவரும் என் கணக்கில் சேர்ப்பதில்லை.

மண்டப வாசலில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் விட்டிருந்தேன். (மீன் தொட்டி இல்லாததெல்லாம் ஒரு மண்டபமா?) அழகுக்காகப் போட்ட கொடிப்பாசி, மீனே தெரியாத அளவுக்கு மண்டிவிட்டது. ஒரு வாளி நிறையப் பிடுங்கினேன்.

"குப்பையில போடுங்க. ஊருணிக்குக் கொண்டு போயிராதீக" என்றாள் என் மனைவி மீனாள்.

"பூனை வால் கணக்கா இருக்கு, இது என்ன பண்ணிரும்?" என்று நேராக ஊருணியில் கொட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மழைக்கு ஊருணி நிறைந்தது. பாசியும் நிறைந்தது. அந்த வருஷம் பார்த்துத்தான் தெப்பத் திருவிழாவை நடத்தும் உரிமை முதல் தடவையாக எனக்குக் கிடைத்தது. சுமை தூக்கச் சும்மாடு கட்டிய தலையில், கோயில் மரியாதையாகப் பரிவட்டத் துணி! ஊரே பார்க்க, தெப்பத்தில் அம்மன் பக்கத்தில் நிற்கப்போகிறேன். பாசியில் தெப்பம் சிக்கினால் என் மானம் என்ன ஆவது?

கருவேலங்காட்டையே அழித்தவனுக்கு இது எம்மாத்திரம்? ஆள் விட்டு அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கி, நறுக்கியதை அப்படியே தண்ணீரில் விடச் சொன்னேன். வெட்டினால் செத்துவிடும் என்பது என் மரக்கடைப் படிப்பு. பாசி அதைப் படிக்கவில்லை. துண்டுக்கு ஒரு செடியாக முளைத்து, பழையதைவிட அடர்ந்து எழுந்தது.

பகல் தெப்பம். நடு ஊருணியில் தெப்பம் நின்றது. கரையில் வடம் இழுத்தவர்கள் மூச்சு வாங்கினார்கள்.

"என்னண்ணே, ஆத்தா அங்கனயே குடியிருக்கப் போறாளா?" என்று எவனோ கத்தினான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தெப்பக்காரர் கருப்பையாவிடமிருந்து மூங்கில் கழியைப் பிடுங்கி, ஊன்றித் தள்ளினேன். அதே நேரம் வடத்தையும் இழுத்தார்கள். தெப்பம் நகர்ந்தது. பாசிக்குள் மாட்டிய கழி நகரவில்லை.

"கழிய விடுங்கண்ணே!" என்றார் கருப்பையா.

"விட்டா விழுந்துருவேன்யா!"

"விடாட்டியும் விழுவீகண்ணே!"

விழுந்தேன்.

இனிமேல் நான் சொல்வதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. முன்பு டீ நிறத்தில் கிடந்த தண்ணீர், பாசி கலங்கலை வடித்ததில் உள்ளே கண்ணாடியாக இருந்தது. தரையிலிருந்து என் தலைக்கு மேல்வரை பச்சைத் தண்டுகள், காற்றே இல்லாத இடத்தில் மெதுவாக அசைந்தன. வெயில் தூண் தூணாக இறங்கியது. இலை நுனிக்கெல்லாம் முத்துப்போல் ஒரு காற்றுக் குமிழி; ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போயின. கெண்டைக் குஞ்சுகள் என் மூக்கைச் சுற்றிக்கொண்டு போயின. ஆயுசெல்லாம் மரத்தைப் பார்த்தவுடன் விலை போட்டவன் நான். வெட்டத் தோன்றாத காட்டை அன்றுதான் பார்த்தேன். மூச்சு முட்டியது, ஆனாலும் மேலே வர மனசில்லை.

வந்தேன். பரிவட்டம் தனியாக மிதந்துகொண்டிருந்தது. என் பாரம் குறைந்த தெப்பம், அம்மனோடு ஜோராகச் சுற்றப் போய்விட்டது. தலை நிறையப் பாசியோடு, கழியைப் பிடித்துத் தொங்கிய என்னை ஊரே எட்டிப் பார்த்தது. படித்துறையிலிருந்து மீனாள் குரல்தான் முதலில் வந்தது.

"துணி போனாப் போகுது விடுங்க! ஆத்தாவே பச்சையில ஒண்ணு கட்டி விட்டுருக்கா!"

ஊருணி அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்தில் எவர் தலைப்பாகை கட்டினாலும், "துணியா, பாசியா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். கேட்கட்டும்.

இப்போது இளைஞர்கள் வருஷா வருஷம் தெப்பம் போகிற வழியில் மட்டும் பாசியை அள்ளிக் கரையில் போடுகிறார்கள். மற்றதைத் தொடுவதில்லை. படித்துறையில் நின்றால் தரை தெரிகிறது. 'ஊருணியைத் தெளிய வைத்தவர்கள்' என்று பலகை வைத்து, தங்கள் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை.

கேட்கிறேன்: அந்தக் காட்டை நட்டது யார்? நறுக்கி நறுக்கிப் பெருக்கியது யார்? உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது யார்? பலகையில் இடமில்லை என்றால் புதுப் பலகை என் கடையிலிருந்து தருகிறேன், தேக்கிலேயே. என் பெயர் முதலில் வரவேண்டும்.