பூ வைக்க விடாத ‘செட்’

வாத்தியார் வேலை பார்ப்பவர்களிடம் மரியாதைக்குக்கூட யாரும் சந்தேகம் கேட்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வாத்தியார் நான்தான்.

தூத்துக்குடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்த என்னை, ஒரு வெள்ளிக்கிழமை உடன்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கருப்பட்டி வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. போனில் பேசிப் பேசி, கட்டினால் இவரைத்தான் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். அவருடைய அம்மா என் தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. ஆனால் பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் வைத்தாக வேண்டும்.

அந்த அம்மா பூவோடு என் பின்னால் வந்து நின்ற நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் அப்பா, இங்கிலீஷில் எதும்மா கஷ்டம் என்று கேட்டுவைத்தார். சின்னச் சின்ன வார்த்தைகள்தான், ‘செட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். செட் தோசை, கம்மல் செட், பம்ப் செட். கான்கிரீட் இறுகினாலும் செட், சூரியன் மறைந்தாலும் செட், அலாரம் வைத்தாலும் செட். (‘செட் ஆகலை’யை மட்டும் விழுங்கிவிட்டேன். அந்த மட்டுக்கும் அறிவு இருந்தது.)

தலையை ஆட்டாமல் எனக்குப் பாடம் நடத்த வராது. பூ இடப்பக்கம் வந்தால் தலை வலப்பக்கம் போனது. என் அப்பா கண்ணால் ஜாடை காட்டினார். பாடத்தை ரசிக்கிறாராக்கும் என்று இன்னும் இரண்டு அர்த்தம் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியில் என் சித்தப்பாதான் மெதுவாகச் சொன்னார். “ஏளா, ராகுகாலம் பொறந்துட்டு.”

அந்த அம்மா பூவைத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பூ வைக்காத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஆக, பன்னிரண்டு மணிவரை ஒரு வேன் நிறைய வந்த ஜனம் எங்கள் வீட்டு சாம்பார் வாசனையை மட்டும் சாப்பிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வேறு. கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. மாப்பிள்ளையோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது.

பன்னிரண்டு அடித்ததும் அந்த அம்மா வந்து, ஒரு கையால் என் தலை ஆடாதபடி நாடியை இறுக்கிப் பிடித்தார்கள்.

“ஒரு வார்த்த பேசப்படாது. பசிக்கி,” என்று சொல்லிப் பூவை வைத்தார்கள். அந்த நிமிஷமே எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது பெண் பார்க்கக் கிளம்பினால், வேனில் ஏறுவதற்கு முன் மாமனார் எல்லாரையும் நிறுத்திச் சொல்லிவிடுவார்.

“மருமவளும் வாரா. வயிறு நிறைய சாப்ட்டுட்டு ஏறுங்க.”