தங்கள் பீரங்கி என் டாங்கியில் ஏறிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் அவளுடைய மூட்டுவலியும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும், எங்கள் மகளும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தாங்கள் மறந்து வைத்துவிட்டுப் போன விரல் நீள மாடல் பீரங்கியும் நலம். உண்மையில் அது இதற்குமுன் இவ்வளவு நலமாக இருந்ததே இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

இந்த வருஷ மாடல் கண்காட்சிக்கு என்ன செய்கிறேன் என்று தாங்கள் எத்தனையோ தடவை கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். போர்க்காலத்தில் பட்டறையில் அவசர அவசரமாக மாற்றிக் கட்டிய ஒரு வண்டியின் மாடல். கையில் இருந்த டாங்கி பழசு, அதன் பீரங்கி சின்னது. எதிரி டாங்கிமேல் சுட்டால் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரிதான். ஆனால் எதிரி போட்டுவிட்டு ஓடிய பெரிய பீரங்கிகள் ஏராளமாய்க் கிடந்தன. என்ன செய்தார்கள் தெரியுமா? டாங்கியின் மேலே பீரங்கியோடு சுழலும் கோபுரத்தைக் கழற்றி ஓரமாகப் போட்டார்கள், எதிரியின் பீரங்கியைத் தூக்கி அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள், சுற்றிலும் தகடு அடித்தார்கள், கூரை போட நேரமில்லை, கிளம்பிவிட்டார்கள். மழை வந்தால் உள்ளே இருப்பவர்கள் நனைய வேண்டியதுதான். லட்சணமே இல்லாத வண்டி, சம்பந்தி, ஆனால் அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டாங்கியை ஒட்டி முடித்து, என்னுடைய பிளாஸ்டிக் பீரங்கிக் குழாயை மேஜையில் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மேஜை பளபளவென்று இருக்கிறது, குழாயைக் காணோம். "காஞ்சுபோன ரீஃபில்னு நெனச்சுக் குப்பையில போட்டேன்" என்கிறாள் என் மனைவி. குப்பை வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. இடுப்பில் துண்டோடு ஓடினேன். எதிர்வீட்டுத் தையல்காரர், "என்ன சார், நகை ஏதாவது போயிடுச்சா?" என்று கூடவே ஓடிவந்தார். பீரங்கி என்றேன். அதற்கப்புறம் அந்த மனுஷன் என்னைக் கண்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோதுதான் அலமாரியில் பஞ்சுக்குள் படுத்திருந்த தங்கள் பீரங்கி கண்ணில் பட்டது. அச்சில் வார்த்த உலோகம், கையில் எடுத்தாலே கனம் தெரிகிறது. என்ன வேலைப்பாடு, என்ன வேலைப்பாடு. அளவு பார்க்கத்தான் எடுத்தேன், சத்தியமாக. அளவு கச்சிதமாக இருந்தது. சும்மா டாங்கிமேல் வைத்துப் பார்த்தேன், சக்கரம் இடித்தது. சக்கரம்தானே, அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று கழற்றினேன். தரையில் ஊன்றுகிற பின்கால் இடித்தது. அது கழலவில்லை, அறுத்தேன். அறுக்கும்போது பயமா சந்தோஷமா என்றால் இரண்டும்தான். "யாரோட பொருளுங்க அது?"ன்னு கேட்டா என் மனைவி. "எதிரிகிட்ட பிடிச்ச பீரங்கி"ன்னேன். "எதிரி யாரு, நம்ம பொண்ணோட மாமனாரா? அவ அந்த வீட்டுல தினம் அவர் மூஞ்சியில முழிக்கணும், அதை நெனச்சுப் பாத்தீங்களா?"ன்னா. நெனச்சுப் பார்த்தேன். நெனச்சுக்கிட்டே சுத்தித் தகட்டையும் ஒட்டிட்டேன். இப்ப பீரங்கியை வெளியே எடுக்கணும்னா மொத்த வண்டியையும் உடைச்சாத்தான் உண்டு.

அதே பீரங்கியைச் சுற்றி சிப்பாய்களை நிறுத்தி, வருகிற ஞாயிறு கண்காட்சியில் தாங்கள் வைக்க இருந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் வருஷா வருஷம் முதல் பரிசு தங்களுக்குத்தான். நடுவர் என் மேஜைக்கு வந்தால் "நல்ல முயற்சி"ன்னு சொல்லிட்டு, தங்கள் மேஜைக்கு என்கிட்டயே வழி கேக்கறார். எனக்கு ஒரே ஒரு தடவை பரிசு வேணும், சம்பந்தி, வெட்கத்தை விட்டுக் கேக்கறேன். அந்தப் பீரங்கி வண்டியிலேயே இருக்கட்டும்னு தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி என் பெயரில்தான் இருக்கும், அதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை. கீழே சின்ன எழுத்தில் "பீரங்கி உபயம்: சம்பந்தி" என்று தாராளமாகப் போடுகிறேன். கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், மகளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியையும் சொல்லவும். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக ரத்த அழுத்தம் ஏறாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பீரங்கியைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும்
சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கடிதம் எழுதி முடித்த குஷியில், பெயின்ட் சீக்கிரம் காயட்டுமே என்று மகள் இங்கே விட்டுப்போன ஹேர் டிரையரை வண்டிமேல் பிடித்தேன். பிளாஸ்டிக் அல்லவா, டாங்கி அப்படியே இளகி உட்கார்ந்துவிட்டது. தகடு எது, சக்கரம் எது என்று எனக்கே தெரியவில்லை. தங்கள் பீரங்கிக்கு மட்டும் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை, தானாகவே கழன்று கையோடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. போன வருஷம் தாங்கள் பரிசு வாங்கிய டாங்கி, தங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் சும்மாதானே நிற்கிறது? பெயர்ப்பலகையில் தங்கள் பெயரே முதலில் இருக்கட்டும், எழுத்தும் பெரிதாகவே இருக்கட்டும். அதன் கோபுரத்தைத் தாங்களே கழற்றி வைக்கிறீர்களா, இல்லை நான் வந்து கழற்றிக்கொள்ளட்டுமா?