ஏலக்காரரும் ஓர் ஆனைமலைத் தேங்காயும்

கோயமுத்தூர் ஜில்லாவில் ஏலக்காரர் கையில் அகப்படாமல் தப்பித்தது மருதமலை ஒன்றுதான். அதுவும் மொபெட்டுக்குப் பின்னால் வைத்துக் கட்ட முடியாது என்பதால். மற்றபடி மனிதர் ஏலம் விடாத பொருளே கிடையாது. எலுமிச்சம்பழம், எருமைக் கன்று, நின்றுபோன ரேடியோ, நிற்காமல் ஓடிய சேவல் என்று எல்லாவற்றையும் விட்டிருக்கிறார். ஒருமுறை கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு, தான் பிடித்திருந்த குடையையே ஏலம் விட்டார். விட்டுவிட்டு நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்து, நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தார். குடைப் பணம் யாரோ ஒரு பையனின் பள்ளிச் சீருடைக்குப் போனது. பார்க்கப் போன என்னிடம் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்னும் பத்து ரூவா ஏத்தியிருக்கலாமுங்க. கடைசி நேரத்துல நான் தும்மிப்போட்டனுங்க" என்று அதற்குத்தான் வருத்தப்பட்டார்.

காலையில் வெல்ல மண்டியில் ஏலம் கூறுவது அவர் தொழில். சொந்த ஊர் ஆனைமலை, குடியிருப்பு கணபதி. பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. மண்டி வேலை முடிந்த பிறகு தொண்டையில் மிச்சமிருப்பதை தர்ம காரியங்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை, ஆஸ்பத்திரிக்குக் கட்டில், எதுவானாலும் அவரைக் கூப்பிட்டால் போதும். கூலி வாங்க மாட்டார், வசூலான பணத்தைக் கையால் தொடவும் மாட்டார். வீட்டில் அவர் சம்சாரம் சாப்பிடக் கூப்பிடுவதே "சோறு ஒரு தரம்... சோறு ரெண்டு தரம்..." என்றுதான். மூன்றாம் தரம் சொல்வதற்குள் மனிதர் தட்டு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். உட்காராத நாட்களில் பக்கத்து வீட்டு நாய்க்கு யோகம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். பெயருக்குத்தான் பர்சனல் டிபார்ட்மென்ட். நன்கொடை கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பதே என் முழுநேர வேலை. முதலாளி அதற்கு ஒரு கொள்கை வகுத்திருந்தார்.

"இல்லைன்னு சொல்லி யாரையும் அனுப்பக் கூடாதுங்க. உடனே குடுத்தும் அனுப்பிரக் கூடாது. காபி குடுத்து அனுப்புங்க."

அப்படி ஒரு நாள் காபி குடிக்க வந்தவர்தான் ஏலக்காரர். குடித்து முடித்துவிட்டு, "பணமெல்லாம் வேண்டாமுங்க. உங்களுக்கு வேண்டாத சாமான் ஏதாச்சும் இருந்தாக் குடுங்க" என்றார். ரிசப்ஷனில் ஒரு பழைய சுவர்க் கடிகாரம் இருந்தது. எப்போதும் பத்து நிமிஷம் முந்தி ஓடும். புதுசு வந்துவிட்டதால் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள். சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தேன். அவர் வாசல் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு நேரம் பார்த்து நேராக கேன்டீனுக்குள் நுழைந்தார்.

"ஏனுங்க, இந்தக் கடியாரத்தத் தெரியுதுங்களா? உங்கள எத்தன நாள் லேட்டுன்னு காட்டிக் குடுத்திருக்கும்? பழி தீத்துக்க இன்னிக்கு உட்டா வேற நாள் கிடைக்காதுங்கோ! ஒரு தரம்!"

மோல்டிங் பிரிவும் வைண்டிங் பிரிவும் வரிந்துகட்டிக்கொண்டு ஏற்றின. சத்தம் கேட்டு ஓடி வந்த முதலாளி, என்ன ஏது என்று விசாரிக்காமல், எல்லோரும் கேட்கிற பொருள் நல்ல பொருளாகத்தான் இருக்கும் என்று தானும் கேட்டு, ஜெயித்தும் விட்டார். கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

"ஏனுங்க, என்ர கடியாரத்த நானே காசு குடுத்து வாங்கிப்போட்டனே!"

என் வேலை அன்றோடு போயிற்று என்று நினைத்தேன். முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று முதல் ஏலக்காரருக்கு எங்கள் கம்பெனியில் எந்த நேரமும் காபி உண்டு.

அடுத்த வருஷம் சரவணம்பட்டிப் பள்ளிக்கூட விவகாரம் வந்தது. இன்றைக்குக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற இடத்தில் அப்போது சோளக்காடு. காட்டை ஒட்டி ஓர் ஓட்டுக் கட்டடத்தில், நடக்க முடியாத, பேச்சு வராத குழந்தைகளுக்கு ஒரு டீச்சரம்மா பள்ளிக்கூடம் நடத்திவந்தார். குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்த வாடகை வேன்காரர், கோடை விடுமுறையோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வேன் இல்லையென்றால் பாதிக் குழந்தைகள் வீட்டோடு முடங்க வேண்டியதுதான். அதில் கலா என்று ஒரு பெண், ஒன்பது வயது. கால்கள் சுவாதீனம் இல்லை. வேன் வருவதற்கு முன்னால் அவள் அம்மா சரசு, மில் வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, தினமும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து வந்தவர். "இப்ப அவ வளந்துட்டாளுங்க. இனி என்னால தூக்க முடியாதுங்க" என்று அந்த அம்மா எங்கள் முதலாளியிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

முதலாளி அப்போது தொழிலதிபர்களின் சேவைச் சங்கம் ஒன்றுக்குத் தலைவர். ஒரு சொந்த வேன் வாங்கிக் கொடுத்துவிடுவோம், அதற்கு ஓர் ஏலம் வைப்போம் என்று முடிவாயிற்று. ஏலம் என்றால் யார் என்பதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கல்யாண மண்டபம். கேசரியும் உப்புமாவும் முடிந்து, ஊரில் பெரிய கை என்று சொல்லப்பட்ட அத்தனை பேரும் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் எங்கள் முதலாளி. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு கிரைண்டர் கம்பெனி முதலாளி. இருவரும் சம்பந்திகள். எங்கள் முதலாளியின் மகனுக்கு அவர் மகளைக் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இவர்களை உட்கார வைத்தது யார் என்று பிறகு விசாரணை நடந்தது. நான்தான்.

முதலில் ஒரு செவ்வாழைத் தார். ஏலக்காரர் குரல் கொடுத்ததும் எங்கள் முதலாளி ஐந்நூறு என்றார். ஏலக்காரர் துள்ளி, "ஐநூறு ஒரு தரம்!" என்று கிரைண்டர் முதலாளி பக்கம் திரும்பினார். அவர் எழுந்து கை கூப்பினார்.

"சம்பந்தி கேட்டுட்டாருங்க. அதுக்கு மேல நாங்க கேட்டா நல்லாருக்குமுங்களா? அவியளே எடுத்துக்கட்டுமுங்க."

மண்டபம் முழுக்க தலையாட்டி ஆமோதித்தது. சம்பந்தியே விட்டுக்கொடுத்தபின் மற்றவர்கள் கேட்பார்களா? தார் ஐந்நூறுக்குப் போயிற்று. அடுத்தது ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. இந்த முறை கிரைண்டர் முதலாளி தொடங்கினார். எங்கள் முதலாளி பாதி எழுந்து, "அவிய ஆசப்பட்டுட்டாங்க, உடுங்க" என்றார். மூன்றாவது பொருளுக்கு இரண்டு பேரும் விலையே சொல்லவில்லை. "நீங்க கேளுங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல கேளுங்க" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைக்காரர்களோ, பெரியவர்கள் கேட்காமல் நாம் எப்படிக் கேட்பது என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். நாங்கள் மரியாதைக்குப் பேர்போன சனம். அந்த மரியாதை அன்றைக்கு வேனின் நான்கு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டிருந்தது.

மோர் கொடுக்க இடைவேளை விட்டார்கள். அதுவரை சேர்ந்ததை வைத்து வேனுக்கு ஹாரன் வாங்கலாம். ஓரமாக உட்கார்ந்திருந்த டீச்சரம்மா மோர் டம்ளரைக் கையில் வைத்தபடி குடிக்காமல் இருந்தார். ஏலக்காரர் சட்டையெல்லாம் வேர்வையாக என்னிடம் வந்தார்.

"என்னங்க இது! ஏலமுங்களா, பொண்ணு பாக்கற ஊடுங்களா? எருமக் கன்ன நாலாயிரத்துக்கு வித்தவனுங்க நானு. இந்த மரியாதைக்கு என்கிட்ட மருந்து இல்லீங்களே!"

எனக்கும் எரிச்சல். "இதுக்கே இப்படிச் சொல்றீங்களே, இவங்க தீவாளி கூத்த நீங்க பாக்கலீங்க. கிரைண்டர்காரரு ஒரு கூடை பலகாரம் அனுப்புனாரு. சும்மா இருக்கலாமான்னு எங்க மொதலாளி ரெண்டு கூடை அனுப்புனாரு. அவரு நாலு. இவரு ஜீப்பு நெறையா. ஆபீசுல ஒரு மாசம் எல்லாரும் அதிரசந்தானுங்க தின்னோம்."

"அப்பறம் நின்னுதுங்களா?"

"எங்கீங்க நின்னுது? பொங்கலுக்கும் அதே கததான்."

ஏலக்காரர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. என் கையிலிருந்த மோரையும் வாங்கிக் குடித்துவிட்டு மேடைக்கு ஓடினார். தன் அண்ணன் தோப்பிலிருந்து கொண்டுவந்த ஆனைமலைத் தேங்காய் ஒன்றை எடுத்து உயர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இனிமே ஆரும் தனக்குன்னு கேக்கக் கூடாதுங்க. உங்குளுக்கு வேண்டப்பட்ட ஒறம்பரைக்கு, சொந்தபந்தத்துக்கு எடுத்துக் குடுக்கறதுக்குத்தான் கேக்கோணும். இது ஏலமில்லீங்க, சீரு! சீர் செய்யறவங்க செய்யலாமுங்கோ!"

கிரைண்டர் முதலாளி மெதுவாக எழுந்தார்.

"எங்க சம்பந்திக்கு. ஆயிரம்."

எங்கள் முதலாளி தேள் கொட்டியதுபோல் எழுந்தார். "அவிய செய்யறத சும்மா வாங்கிக்கிட்டு உக்கோந்திருந்தா நாளைக்கு சனம் என்ன பேசும்? சம்பந்திக்கு ரெண்டாயிரமுங்க!"

"அதெப்படிங்க! பொண்ணு குடுத்தவிய நாங்க. நாங்கதானுங்க செய்யோணும். அஞ்சு!"

"பொண்ண அனுப்புனதே பெரிய சீருங்க. அதுக்கு மேல உங்கள செய்ய உட்டுருவனுங்களா? பத்து!"

பிறகு நடந்ததை எழுத எனக்குச் சாமர்த்தியம் போதாது. எங்கள் முதலாளியம்மா எழுந்து, "சம்பந்தியம்மாவ ஒரு வார்த்த சொல்லாம உட்டுட்டீங்களே!" என்று புருஷனைக் கடிந்துகொண்டு தனியாக ஏற்றினார். பின்வரிசையில் மாமன்கள் மச்சான்களுக்குக் கேட்டார்கள், மச்சான்கள் மாமன்களுக்குக் கேட்டார்கள். மேஜையிலிருந்த மற்ற பொருளெல்லாம் இடையிடையே பறந்தன. ஒருவரும் குரல் உயர்த்தவில்லை, ஒருவரும் 'ங்க' போடாமல் பேசவில்லை. ஆனால் கை கூப்பியபடியே இரண்டு சம்பந்திகளும் ஒருவரை ஒருவர் முறைத்ததைப் பார்த்தவர்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் கல்யாணமே ரத்தாகும் என்று பயந்தார்கள். அந்த மருமகப் பெண் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வேனுக்கு ஆனது. டீசலுக்கு ஆனது. டிரைவர் சம்பளத்துக்கும் ஆனது. ஏலக்காரர் 'ரெண்டு தரம்' வரைக்கும் வருவார், யாராவது எழுந்து விடுவார்கள். கடைசியில் அவரே கெஞ்ச ஆரம்பித்தார்.

"ஐயா, போதுமுங்க. வேன் வந்துருச்சுங்க. நிறுத்திக்கலாமுங்க."

"நிறுத்தறதா? சீரு அவிய கைல நிக்குதுங்க. நான் எப்படி ஊட்டுக்குப் போறது?" என்றார் எங்கள் முதலாளி. ஏலத்தை நிறுத்தச் சொல்லி ஏலக்காரர் கெஞ்சியது அவர் சரித்திரத்தில் அந்த ஒரு தரம்தான். வேறு வழியில்லாமல் தேங்காயை மேடைப் படியில் ஓங்கி அடித்தார். சரிபாதியாக உடைந்தது. ஆளுக்கு ஒரு மூடி கொடுத்து, "ரெண்டு பக்கமும் சமமுங்க!" என்று மூன்றாம் தரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இரு குடும்பமும் கண்கலங்கி ஒருவருக்கொருவர் கும்பிட்டன. தேங்காய்த் தண்ணீர் என் பேன்ட்டில்.

வேனில் யார் பெயர் எழுதுவது என்று அடுத்த பஞ்சாயத்து வந்தது. சம்பந்தி பெயர்தான் வர வேண்டும் என்று இருவரும் தனித்தனியாக பெயின்டரிடம் போய்ச் சொன்னார்கள். பம்ப் கம்பெனிக்காரர் காசில் ஒரு பக்கம் கிரைண்டர் விளம்பரமும், கிரைண்டர்காரர் காசில் மறுபக்கம் பம்ப் விளம்பரமும் வந்தன. எங்கள் விளம்பர மேனேஜர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாள், வேனோடு போய்ப் பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார் முதலாளி. கலா ஏறுகிற இடத்தில் எங்களுக்கு முன்பே ஏலக்காரர் மொபெட்டை நிறுத்திக் காத்திருந்தார். சரசு மகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வீட்டிலிருந்து ரோட்டுக்கு வந்தார். டிரைவரும் நானுமாகக் குழந்தையை வாங்கி ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தோம். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவில்லை. ஏலக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, நாளைக்கும் வருமுங்களா?"

"வருமுங்க, அம்மணி."

"நாளான்னைக்கு?"

"அன்னிக்கும் வருமுங்க."

"எத்தன நாளைக்குங்க வரும்?"

ஏலக்காரர் மொபெட்டைக் கிளப்பி வேனுக்குப் பின்னால் விட்டார். கோவில்பாளையம் சுற்றி, ஒவ்வொரு குழந்தை ஏறும்போதும் நின்று பார்த்து, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்தார். அன்றைக்கு வெல்ல மண்டியில் ஏலம் ஒரு மணி நேரம் தாமதம். மறுநாளும் தாமதம், அதற்கு மறுநாளும். வியாபாரிகள் சத்தம் போட்டதற்கு மொபெட் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறார். அந்த மொபெட் அந்த வருஷம் முழுக்க, பள்ளிக்கூடம் இருந்த நாளெல்லாம், காலை எட்டு மணிக்கு ரிப்பேராகவே இருந்தது. அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.