செவன் கிங்ஸ் வீதியில் ஹைபிரிட் தேர் நகர்ந்த படலம்

வாழ்க நித்தியானந்தன்! பதினான்கு மாரி சுவிற்சர்லாந்தின் வெண்பனியை மிதித்துத் துவைத்து, பின் கடல் தாண்டி ஆங்கில நாடு அடைந்து, செவன் கிங்ஸ் என ஏழரசரின் பெயர் தாங்கிய பேரூரிலே, தோளோடு தோள் ஒட்டிய மனைகளின் வரிசையில் தானும் ஒரு மனை கொண்டு, மளிகைக்கடை இரண்டின் தனி நாயகராய் வீற்றிருக்கும் பெருந்தகை வாழ்க! எலும்பு நடுங்கும் குளிரிலும் மடிப்புக் குலையாத அவர் பட்டு வேட்டி வாழ்க! அவர் ஏறும் தேரும் வாழ்க! குதிரை இல்லாத தேர்களை அந்த வீதி கண்டதுண்டு. ஓசையும் இல்லாத தேரை அது கண்டது அவராலேயே. பாதி பெற்றோல், பாதி மின்சாரம் என, மாதொரு பாகனைப் போல ஓருடலில் ஈருயிர் கொண்டு, வெள்ளி மலையின் துண்டமென வாசலில் நின்றது அந்த ஹைபிரிட் கார்.

நிற்க. தலைவரையும் தேரையும் போற்றியாயிற்று. இனிப் போர் மூண்ட காரணம் உரைப்பாம்.

அன்று ஈராயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தை மாதக் கடைசி வெள்ளி. மனோர் பார்க் முருகன் கோயிலில் அன்றைய மதியப் பூசை நித்தியானந்தனின் உபயம். ஐயர் உபயகாரரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் சங்கற்பம் செய்வார். முடிவில் மாலையும் பழமும் தேங்காய்ப் பாதியும் நிறைந்த காளாஞ்சித் தட்டைச் சனம் பார்க்க நீட்டுவார். உபயகாரர் வராவிட்டால் அத்தட்டு ஆளின்றி நிற்காது. கோயிலடியில் குடியிருக்கும் சண்முகராசாவின் கைக்குப் போய்விடும். சண்முகராசா கையை நீட்டிக்கொண்டே பிறந்தவர் என்பது நம் தலைவரின் நெடுநாள் துணிபு.

போதாக்குறைக்கு, அதற்கு முந்தின வாரந்தான் கோயில் மடைப்பள்ளியில் பலர் கேட்க அவர் முழங்கியிருந்தார்:

"நான் சுவிசில பதினாலு வின்ரர் கண்டனான். லண்டன்காரருக்கு நாலு பனிப்பூ விழுந்தால் பள்ளிக்கூடமும் பூட்டு, பஸ்சும் பூட்டு. என்ர காருக்கு இதெல்லாம் ஒரு பனியே?"

அந்தப் பதினான்கு மாரியிலும் அவரைச் சுமந்தது பெரும்பாலும் டிராம் வண்டி என்பதும், மிச்ச நாட்களில் ஓட்டிய காருக்குக் குளிர் தொடங்குமுன்பே கராஜ்காரன் பனி டயர் பூட்டிவிடுவான் என்பதும் அம்முழக்கத்தில் இடம்பெறவில்லை. முழக்கங்கள் அவ்வளவு விரிவைத் தாங்குவதில்லை.

வானம் அதைக் கேட்டது போலும். திங்கட்கிழமை தொடங்கி, முகில் என்னும் கோட்டையின் கதவுகளை அகலத் திறந்து, வெண்குடை, வெண்கொடி, வெண்கவசம் பூண்ட பனிச்சேனை அணியணியாய் இறங்கி, கூரையைக் கைப்பற்றி, குப்பைத் தொட்டிகளைச் சிறைப்பிடித்து, பகலில் சற்றே உருகிப் பணிந்ததுபோல் நடித்து, இரவில் மீண்டும் இறுகி, வீதி முழுவதையும் கண்ணாடித் தளமாக்கிப் பாசறை அமைத்தது. கவுன்சில் லொறி பெருவீதிக்கு உப்புத் தூவிற்று; சிறுவீதிகளை அவரவர் குலதெய்வத்திடம் விட்டது.

வெள்ளி காலை, தலைவரின் மனையாட்டி ஜெயகௌரி மதியுரை கூறினாள்.

"இஞ்சாருங்கோ, ரெயின் ஓடுதாம். ஸ்ரேசன் நடக்கிற தூரம்தானே?"

"உபயகாரன் ரெயினில போய் இறங்கிறதோ? சனம் என்ன சொல்லும்!"

என்று மறுத்த தலைவர், பட்டு வேட்டியும் சரிகைச் சால்வையும் தரித்து, மேலே கம்பளிக் கோட்டு ஏற்றி, நல்ல காரியத்துக்குப் புறப்படும் முன் செய்யத்தக்கன செய்யலானார். தேரின் சக்கரங்களாகிய நான்கு சில்லுகளின் முன்னும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். இரவெல்லாம் காரின் பின்பெட்டியில் கிடந்து விறைத்த அவை, பழம் என்னும் தன்மை நீங்கிக் கூழாங்கல் என்னும் நிலை எய்தியிருந்தன. பின் தேங்காயைத் தலைக்கு மேல் உயர்த்தி, முருகா என்று அழைத்து ஓங்கி எறிந்தார். சத்தம் இல்லை. தேங்காய் பனிக்குள் புகுந்து மறைந்தது.

எதிர்வீட்டு வாசலில் தேத்தண்ணீரோடு நின்றார் மன்னார் யாக்கோப்பு, வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர்.

"மாதாவே! முழுசா விழுங்கிப்போட்டுது."

தலைவர் பனியை அகழ்ந்து தேங்காயை மீட்டு, முன்சில்லுகளுக்கு நேரே தளம் தெரியும்வரை சுரண்டி, அவ்விடத்தே அறைந்து உடைத்தார். இளநீர் பாய்ந்து இரு முன்சில்லுகளின் அடியையும் நனைத்தது. அக்குளிரில் அது எவ்வளவு நேரம் நீராய் இருக்கும் என்பதைச் சுவிஸ் கண்ட அவரும் எண்ணினாரில்லை. பக்தி பெருகும் இடத்தில் பௌதிகம் ஒதுங்கி நிற்கும்.

தேரில் ஏறினார். பொத்தானை அமுக்கினார். விளக்குகள் மலர்ந்தன, ஓசை பிறக்கவில்லை.

"தம்பி நித்தி, ஸ்ராட் எடுக்கேல்லையே?"

"எடுத்தாச்சு அண்ணை. இது ஹைபிரிட். சத்தம் வராது."

"சத்தமும் வராது, காரும் வராது போலகிடக்கு."

தலைவர் பெடலை மிதித்தார். முன்சில்லுகள் இளநீர்க் கண்ணாடிமேல் ஒருமுறை சுழன்றன, உடனே நின்றன. என்னே அத்தேரின் அறிவு! சில்லு வழுக்குகிறது என்று உணர்ந்த கணமே, வழுக்குபவனுக்கு வலுக் கொடுப்பது தகாது எனத் தெளிந்து, பெற்றோல், மின்சாரம் இரண்டையும் ஒருங்கே அடக்கிக்கொண்டது. மூடர் ஏறும் பழைய கார்கள் உறுமும், சீறும், பனியைக் கிளறும். இதுவோ முனிவனைப் போல மௌனம் காத்தது. மிதித்தால் மஞ்சள் விளக்கு சிமிட்டும், விட்டால் அணையும். திரையிலே மின்கலப் பற்றறியிலிருந்து சில்லுக்கும் சில்லிலிருந்து பற்றறிக்கும் அம்புகள் பறந்தன. ஆயிரம் அம்பு பறந்தும் ஓர் அங்குலம் நிலம் கைவரவில்லை.

அவ்வேளை தொலைபேசி அலறிற்று. சண்முகராசா.

"அண்ணை, ஐயர் பேர் நட்சத்திரம் கேக்கிறார். அவசரப்படாமல் வாங்கோ. நான் தட்டுக்குப் பக்கத்திலதான் நிக்கிறன்."

எந்த அம்பும் துளைக்காத மார்பை அந்த ஆறுதல் துளைத்தது. தலைவர் போனை அணைத்து எறிந்து, இறங்கி, எலுமிச்சங்கற்களை உதைத்து விலக்கி, காற்கம்பளங்களை உருவி முன்சில்லின் கீழ் செருகினார். தேர் அவற்றைப் பின்னே துப்பிற்று. யாக்கோப்பு தள்ளினார், தள்ளியவர் வழுக்கி விழுந்தார், விழுந்தபடியே ஆலோசனை சொன்னார். சேலைமேல் கோட்டு மாட்டி, தடித்த சப்பாத்து அணிந்து, அர்ச்சனைக் கூடையோடு ஜெயகௌரி ஸ்ரேசன் பக்கம் நடந்ததை இருவரும் கவனித்தாரில்லை. போர்க்களத்தில் நடந்து போகிறவர்களை எவரும் கவனிப்பதில்லை.

நேரம் உருண்டது, தேர் உருளவில்லை. இனி ஒன்றே வழி. தலைவர் தம் தோளைத் தொட்டார். சென்ற ஆண்டு அதே சந்நிதியில் ஐயர் கையால் போர்த்தப்பட்ட சரிகைச் சால்வை! ஒருகணம் கண் கலங்கினார். மறுகணம் அதை இரண்டாய்க் கிழித்து, முன்சில்லுகளின் கீழ் விரித்தார். மயிலுக்குப் போர்வை தந்தவனைத் தமிழ் பாடிற்று. முல்லைக்குத் தேர் தந்தவனையும் பாடிற்று. தேருக்கே போர்வை தந்தவனைப் பாட யாக்கோப்பைத் தவிர ஆளில்லை.

"மெதுவா மிதி! மெதுவா! ஐயோ, போகுது! போகுது!"

போயிற்று. சரிகையைப் பற்றிய சில்லுகள் பனிச்சேனையைப் பிளந்தன. கரைகடந்த நாவாயெனவும் கட்டறுத்த களிறெனவும், ஆனால் நடக்கும் ஒருவர் முந்தக்கூடிய வேகத்தில், ஓசை எழாமல் ஒய்யாரமாய் மிதந்து, வீதியின் கோடிவரை சென்றது அந்தத் தேர். தலைவரின் நெஞ்சில் முரசு முழங்கிற்று. பெருவீதி தெரிந்தது, அதன் கரிய, உப்பிட்ட, ஈரத் தளம் தெரிந்தது, அதற்கப்பால் கோபுரமே தெரிவதாக அவருக்குத் தோன்றிற்று.

முதலில் தெரிந்தது ஜெயகௌரி. ஸ்ரேசனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மாலை, கையில் காளாஞ்சித் தட்டு. தலைவர், உப்புத் தளத்தை எட்டுமுன்பே, தம்மையறியாமல் பிறேக்கை மிதித்தார்.

"உங்கட பேரைத்தான் சொல்லிப் பூசை செய்தவர். சண்முகராசா அண்ணை மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு போயிட்டார். நீங்கள் இப்ப எங்க வெளிக்கிட்டனீங்கள்?"

நித்தியானந்தன் பெடலைத் தொட்டார். மஞ்சள் விளக்கு சிமிட்டிற்று.

கார் அதன்பிறகு அசையாதபடியால், இரண்டு பேரும் நடந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.